‘டை’ எங்கே வரும், எங்கே வராது? – வேதியியல் கேள்வி பதில்

வேதிப்பிணைப்பு பற்றியும் சேர்மங்களுக்குப் பெயர் வைப்பது பற்றியும் வந்த கேள்விகளை இந்த முறை சேர்த்தே எடுத்துக்கொண்டோம். இவை பாடப்புத்தகத்தில் இரண்டு பாடங்களாக இருக்கலாம். உண்மையில் ஒன்றைப் பிடித்தால் மற்றது தானாக வரும்.

கேள்வி: கால்சியம் குளோரைடில் 1 கால்சியத்துக்கு 2 குளோரின். கார்பன் டை ஆக்சைடில் 1 கார்பனுக்கு 2 ஆக்சிஜன். இரண்டும் ஒரே கணக்குதான். அப்படியிருக்க, அங்கே ‘டை’ உண்டு, இங்கே ஏன் இல்லை? ‘கால்சியம் டை குளோரைடு’ என்று எழுதியதற்கு மதிப்பெண் போய்விட்டது.
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, திண்டிவனம்

பதில்: நல்ல கேள்வி. இதற்கு விடை தெரிந்துவிட்டால் பெயரிடுவதில் முக்கால்வாசி முடிந்தது.

கால்சியம் உலோகம். அதன் வெளிக்கூட்டில் 2 எலக்ட்ரான்கள் இருக்கின்றன. சேர்மமாகும்போது அந்த இரண்டையும் விட்டுவிட்டு 2+ அயனியாக, அதாவது மின்சுமை ஏறிய அணுவாக, நிற்கும். குளோரின் ஒரே ஒரு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு 1– அயனியாகும். மொத்த மின்சுமை பூஜ்யம் ஆக வேண்டுமென்றால் ஒரு கால்சியத்துக்கு இரண்டு குளோரைடு வந்தே தீர வேண்டும். ஒன்றோ மூன்றோ வர வழியே இல்லை. வழியே இல்லாத ஒன்றைப் பெயரில் வேறு எதற்குச் சொல்ல வேண்டும்? அதனால்தான் ‘டை’ போடுவதில்லை. பெயரைப் படிப்பவர் மின்சுமையை வைத்து எண்ணிக்கையைத் தானே கண்டுபிடித்துக்கொள்வார்.

கார்பனும் ஆக்சிஜனும் அப்படியல்ல. இரண்டும் அலோகங்கள். எலக்ட்ரானை யாரும் யாருக்கும் முழுதாகக் கொடுப்பதில்லை, பங்கிட்டுக்கொள்கின்றன. எத்தனை பேர் பங்குக்கு வருவார்கள் என்பது ஒரே விதமாக இருப்பதில்லை. 1-க்கு 1 சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு. மூடிய அறையில் கரி மூட்டினால் ஆளைக் கொல்லும் வாயு அது. 1-க்கு 2 சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு. சோடா பாட்டிலில் பொங்கும் வாயு. எண்ணைச் சொல்லாமல் ‘கார்பன் ஆக்சைடு’ என்று மட்டும் சொன்னால் எது என்று யாருக்குத் தெரியும்?

நைட்ரஜனைப் பாருங்கள், இன்னும் தெளிவாகும். நைட்ரஜன் மோனாக்சைடு (1-க்கு 1), நைட்ரஜன் டை ஆக்சைடு (1-க்கு 2), டைநைட்ரஜன் மோனாக்சைடு (2-க்கு 1), டைநைட்ரஜன் ட்ரை ஆக்சைடு (2-க்கு 3), டைநைட்ரஜன் டெட்ராக்சைடு (2-க்கு 4), டைநைட்ரஜன் பென்டாக்சைடு (2-க்கு 5). ஒரே இரண்டு தனிமங்கள், ஆறு வெவ்வேறு பொருள்கள். ஒன்று பல் மருத்துவர் வலி தெரியாமலிருக்கக் கொடுக்கும் வாயு; இன்னொன்று நுரையீரலை அரிக்கும் செம்பழுப்பு நச்சு வாயு.

ஆகவே பெயர் எழுதும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் உலோகம் இருக்கிறதா? இருந்தால் உலோகத்தின் பெயர், அடுத்து எதிர் அயனியின் பெயர், அவ்வளவுதான். இரண்டும் அலோகமாக இருந்தால் எண்ணைச் சொல்லும் முன்னொட்டு வேண்டும். மோனோ, டை, ட்ரை, டெட்ரா, பென்டா, ஹெக்சா, ஹெப்டா, ஆக்டா, நோனா, டெகா என்று 10 வரை தெரிந்தால் போதும். முதல் தனிமம் ஒன்றே ஒன்றாக இருந்தால் அதற்கு ‘மோனோ’ போடுவதில்லை. ‘மோனோ ஆக்சைடு’, ‘டெட்ரா ஆக்சைடு’ என்பவற்றில் இரண்டு உயிரெழுத்துகள் மோதுவதால் மோனாக்சைடு, டெட்ராக்சைடு என்று சுருங்கும். டை, ட்ரை இரண்டும் சுருங்காது.

விலக்குகளும் உண்டு. நீர், அமோனியா இரண்டும் பழைய பெயரிலேயே நிலைத்துவிட்டன. ஹைட்ரஜன் சல்பைடில் 2 ஹைட்ரஜன் இருந்தும் ‘டை’ சொல்லும் வழக்கமில்லை. மறுபக்கம், டார்ச் செல்லுக்குள் இருக்கும் கருப்புப் பொடி மாங்கனீசு டை ஆக்சைடு. மாங்கனீசு உலோகம்தான், ஆனால் ஒரே மின்சுமையில் நிற்காத உலோகம். அதனால் வழக்கில் ‘டை’ ஒட்டிக்கொண்டது. இதை விதியாக எடுத்துக்கொண்டு கால்சியத்தில் போடக் கூடாது.

கேள்வி: மின்சுமைகளைக் குறுக்கே மாற்றி எழுதி வாய்பாடு கண்டுபிடிக்கும் முறையை என் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சில நேரம் சுருக்க வேண்டும் என்கிறது புத்தகம், சில நேரம் சுருக்கக் கூடாது என்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு தாய், நாமக்கல்

பதில்: கால்சியம் பாஸ்பேட்டை எடுத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். கால்சியம் 2+, பாஸ்பேட் 3–. குறிகளை விட்டுவிட்டு எண்ணை மட்டும் குறுக்கே மாற்றுங்கள். 3 கால்சியம், 2 பாஸ்பேட். சரிபார்க்க: 3 பெருக்கல் 2 என்றால் 6 நேர்; 2 பெருக்கல் 3 என்றால் 6 எதிர். கூட்டினால் பூஜ்யம். இந்தச் சரிபார்ப்பைப் பையன் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் செய்யட்டும்.

பிள்ளைகள் அதிகம் தவறுவது அடைப்புக்குறியில். பாஸ்பேட் என்பது 1 பாஸ்பரசும் 4 ஆக்சிஜனும் சேர்ந்த ஒற்றை அயனி. அதை அடைப்புக்குறிக்குள் போட்டு வெளியே 2 எழுத வேண்டும். அடைப்புக்குறி விட்டுப்போனால் ஆக்சிஜனின் 4-க்குப் பக்கத்தில் 2 போய் உட்கார்ந்து 42 ஆக்சிஜன் ஆகிவிடும்! விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு இந்த 42 மிகவும் பழக்கப்பட்ட எண். சரியான கணக்கில் 3 கால்சியம், 2 பாஸ்பரஸ், 8 ஆக்சிஜன் வரும்.

சுருக்குவதற்கு வருவோம். மக்னீசியம் 2+, ஆக்சைடு 2–. குறுக்கே மாற்றினால் 2-க்கு 2. இதைச் சுருக்கி 1-க்கு 1 என்று எழுத வேண்டும், ஏனென்றால் அயனிப் படிகத்தில் நாம் எழுதுவது விகிதத்தை மட்டுமே. ஆனால் சோடியம் பெராக்சைடும் 2-க்கு 2 தான், அதைச் சுருக்கக் கூடாது. பெராக்சைடு அயனி என்பதே இரண்டு ஆக்சிஜன் ஒன்றோடொன்று பிணைந்து 2– சுமையோடு நிற்கும் ஒரு ஜோடி. சுருக்கினால் அந்த ஜோடியை நடுவில் வெட்டியதாகும். பாதரசத்தின் 1+ நிலையும் இப்படித்தான். இரண்டு பாதரச அணுக்கள் கைகோத்துக்கொண்டுதான் நிற்கும், அதனால் அதன் குளோரைடு 2-க்கு 2.

எலக்ட்ரானைப் பங்கிட்டுக்கொள்ளும் சகப்பிணைப்புச் சேர்மங்களில் சுருக்குவது என்ற பேச்சே இல்லை. பென்சீன் மூலக்கூறில் 6 கார்பன், 6 ஹைட்ரஜன். அதை 1-க்கு 1 ஆக்கினால் பென்சீன் என்ற அடையாளமே போய்விடும். 2-க்கு 2 உள்ள அசிட்டிலீனுக்கும் அதே விகிதம்தானே!

கேள்வி: ‘சோடியம் ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து நிலைப்புத்தன்மை அடைய விரும்புகிறது’ என்று வகுப்பில் சொல்கிறோம். ஒரு மாணவன், ‘விரும்பிக் கொடுப்பதாக இருந்தால் அயனியாக்கும் ஆற்றல் எதற்கு சார்?’ என்று கேட்டான். எப்படி விளக்குவது?
– பட்டதாரி ஆசிரியர், தேனி

பதில்: அந்த மாணவனைப் பாராட்டுங்கள். அவன் கேட்டது சரி. சோடியம் எதையும் விரும்பிக் கொடுப்பதில்லை, பிடுங்கித்தான் எடுக்க வேண்டும்.

கணக்கைப் பலகையில் போடலாம். 1 மோல் சோடியம் அணுக்களிலிருந்து (வாயு நிலையில்) ஓர் எலக்ட்ரானைப் பிரிக்க 496 கிலோஜூல் செலவாகும். அதே எலக்ட்ரானைக் குளோரின் அணு ஏற்கும்போது 349 கிலோஜூல் வெளிவரும். வரவைச் செலவில் கழித்தால் இன்னும் 147 கிலோஜூல் கையிலிருந்து போகிறது. இதோடு நின்றால் உப்பே உண்டாகாது.

நட்டத்தை ஈடுகட்டுவது படிகம். நேர் அயனிகளும் எதிர் அயனிகளும் ஒன்றையொன்று இழுத்து அடுக்கடுக்காக அமரும்போது சுமார் 787 கிலோஜூல் வெளிவருகிறது. படிகக்கூடு ஆற்றல் என்பது இதுதான். திட சோடியத்தை ஆவியாக்கவும் குளோரின் மூலக்கூறை இரண்டாகப் பிரிக்கவும் ஆகும் செலவையும் கழித்த பிறகு கூட வரவு மிக அதிகமாகவே மிஞ்சும். ஆக, அயனிப் பிணைப்பின் உயிர் எலக்ட்ரான் கைமாறுவதில் இல்லை. கைமாறிய பிறகு எல்லாத் திசையிலும் உண்டாகும் இழுப்பில் இருக்கிறது. உப்புப் படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் 6 குளோரைடுகள் சூழ்ந்திருக்கின்றன, ஒவ்வொரு குளோரைடையும் 6 சோடியம் அயனிகள் சூழ்ந்திருக்கின்றன. இதில் எந்தச் சோடியம் எந்தக் குளோரினுக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாது. அதனாலேயே ‘சோடியம் குளோரைடு மூலக்கூறு’ என்ற தொடரை வகுப்பில் தவிர்த்துவிடுங்கள். உப்பில் மூலக்கூறு கிடையாது.

வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் இருந்தால் அணு நிலைத்து நிற்கும் என்ற எட்டு எலக்ட்ரான் விதியையும் அதன் எல்லையோடு சொல்லிக்கொடுப்பது நல்லது. கில்பர்ட் லூயிஸ் 1916-இல் எலக்ட்ரான் ஜோடியைப் பங்கிடும் கருத்தை வெளியிட்டார். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் நான்குக்கும் எட்டு என்ற கணக்கு பிசகுவது அரிது. போரான் ட்ரைஃபுளூரைடில் போரானைச் சுற்றி 6 தான். பாஸ்பரஸ் பென்டாகுளோரைடில் 10, சல்பர் ஹெக்சாஃபுளூரைடில் 12 என்று எண்ணுகிறோம். நைட்ரஜன் மோனாக்சைடில் மொத்த எலக்ட்ரான் எண்ணிக்கையே ஒற்றைப்படை, எப்படிப் பங்கிட்டாலும் எல்லோருக்கும் எட்டு வராது. ‘நிறைந்த கூடு, இனி யாரோடும் சேராது’ என்று நினைத்த செனான் வாயுவையே 1962-இல் நீல் பார்ட்லெட் சேர்மமாக்கிக் காட்டினார். விதி பயனுள்ளதுதான். ஆனால் அது காரணம் அல்ல, நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வழி.

கேள்வி: திராட்சைக்கும் மிளகுக்கும் பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவை தயாரிக்கிறேன். குறிப்பில் ‘சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ’ என்று இருக்கிறது. கடையில் நீற்றுச் சுண்ணாம்புத் தூள்தான் கிடைத்தது. அதே 1 கிலோ போடலாமா? மயில்துத்தம் என்பதும் காப்பர் சல்பேட் என்பதும் ஒன்றுதானா?
– விவசாயி, கம்பம்

பதில்: இரண்டாவதை முதலில் பார்த்துவிடுவோம். மயில்துத்தம் வெறும் காப்பர் சல்பேட் அல்ல. அதன் முழுப் பெயர் காப்பர் சல்பேட் பென்டாஹைட்ரேட். ஒவ்வொரு காப்பர் சல்பேட்டோடும் 5 நீர் மூலக்கூறுகள் படிகத்துக்குள்ளேயே இருக்கின்றன. மேலே மாணவிக்குச் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். காப்பர் 2+, சல்பேட் 2– என்பதால் அங்கே எண் சொல்லத் தேவையில்லை. ஆனால் நீருக்கு மின்சுமை இல்லை. எத்தனை நீர் என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் ‘பென்டா’ என்று பெயரில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

1 கிலோ மயில்துத்தத்தில் 360 கிராம் நீர், சுமார் 254 கிராம் தாமிரம். ஒரு துண்டை இரும்புக் கரண்டியில் வைத்துச் சூடுகாட்டினால் நீர் போய் வெளுத்துவிடும், அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே நீலம் திரும்பும், கையில் சூடும் தெரியும். இந்தச் சின்னக் கட்டிக்குள் பிணைப்பின் பெரும்பாலான வகைகளும் இருக்கின்றன. தாமிர அயனிக்கும் சல்பேட் அயனிக்கும் இடையே மின் இழுப்பு. சல்பேட்டுக்குள்ளே கந்தகமும் ஆக்சிஜனும் சகப்பிணைப்பு. நான்கு நீர் மூலக்கூறுகள் தம் எலக்ட்ரான் ஜோடியைத் தாமிரத்துக்கு ஈந்து ஒட்டியிருக்கின்றன. ஐந்தாவது நீர் சல்பேட்டோடு ஹைட்ரஜன் பிணைப்பில் நிற்கிறது. சூடேற்றும்போது அந்த ஐந்தாவதுதான் கடைசியாக, 200 டிகிரி செல்சியஸ் வாக்கில் வெளியேறும்.

சுண்ணாம்புக்கு வருவோம். சுட்ட சுண்ணாம்பு கால்சியம் ஆக்சைடு, அதன் அணு எடைகளைக் கூட்டினால் 56. அதில் தண்ணீர் ஊற்றி நீற்றினால் கால்சியம் ஹைட்ராக்சைடு, 74. ஆகவே 1 கிலோ சுட்ட சுண்ணாம்புக்குச் சமம் 1.32 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு. அதே விகிதம் வேண்டுமென்றால் 1 கிலோ 320 கிராம் போடுங்கள். ஆனால் 1 கிலோ போட்டாலும் கெட்டுவிடாது. துத்தத்தை நடுநிலையாக்க மட்டும் என்றால் 1 கிலோ துத்தத்துக்குச் சுத்தமான சுட்ட சுண்ணாம்பு 224 கிராமே போதும். மீதி, இலை கருகாமலிருக்கப் பாதுகாப்பு. சுண்ணாம்பில் கலப்படமும் கல்லும் இருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் அளவை ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

உண்மையான ஆபத்து வேறு. திறந்து கிடந்த நீற்றுச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கால்சியம் கார்பனேட்டாக மாறிவிடும். பெயரில் கால்சியம் இருந்தாலும் அது தண்ணீரில் கரையாது, துத்தத்தோடு வினைபுரிவதும் மிக மந்தம். தூளில் கொஞ்சம் எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நன்றாக நுரைத்தால் பழைய சரக்கு. வேறு வாங்குங்கள்.

100 லிட்டர் 1 சதவீதக் கலவைக்கு: 1 கிலோ துத்தத்தைத் துணியில் கட்டி 50 லிட்டர் தண்ணீரின் மேல்மட்டத்தில் முதல் நாள் இரவே தொங்கவிடுங்கள். கரைந்த நீலக் கரைசல் கனமானது, தானே கீழே இறங்கும். மேலே புதுத் தண்ணீர் வந்து கரைப்பு நடந்துகொண்டே இருக்கும். அடியில் போட்டால் கட்டி அப்படியே கிடக்கும். சுண்ணாம்பைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, பிறகு 50 லிட்டராக்கி, துணியில் வடிகட்டுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றி ஊற்ற வேண்டாம், திப்பி தட்டி நாசில் அடைக்கும். பிளாஸ்டிக், மண், மரப் பாத்திரம் மட்டுமே பயன்படுத்துங்கள். இரும்பும் தகரமும் கூடாது.

கலந்த பிறகு தேய்த்த இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் தாமிர அயனி இன்னும் தனியாக இருக்கிறது என்று அர்த்தம். இரும்பிலிருந்து எலக்ட்ரானை எடுத்துக்கொண்டு அது உலோகத் தாமிரமாகப் படிகிறது. அப்படியே அடித்தால் இலை கருகும். படிவது நிற்கும் வரை சுண்ணாம்புப் பால் சேருங்கள். கலந்த அன்றே அடித்து முடித்துவிட வேண்டும்.

கேள்வி: சல்பைடு, சல்பைட், சல்பேட் மூன்றும் குழப்புகின்றன. எளிய வழி உண்டா?
– பதினோராம் வகுப்பு மாணவர், கோவில்பட்டி

பதில்: தமிழில் எழுதும்போது குழப்பம் இன்னும் கூடும், ஏனென்றால் ‘டு’, ‘ட்’ என்ற ஒரே எழுத்தில் பொருளே மாறிவிடுகிறது. முதல் இரண்டையும் சில வழிகாட்டி நூல்கள் ஒரே மாதிரி அச்சிட்டுவிடுகின்றன. உச்சரிப்பைக் கவனியுங்கள். ‘ஐடு’ என்று மென்மையாக முடிந்தால் ஆக்சிஜன் இல்லாத தனி அயனி. சல்பைடு என்றால் கந்தகம் மட்டும். ‘ஐட்’ என்று வல்லினமாக முடிந்தால் ஆக்சிஜன் உண்டு, ஆனால் குறைவு. ‘ஏட்’ என்றால் ஆக்சிஜன் அதிகம். சல்பைட்டில் 3, சல்பேட்டில் 4. நைட்ரைட்டில் 2, நைட்ரேட்டில் 3. ‘ஏட் என்றால் எப்போதும் 4’ என்று மனப்பாடம் செய்தால் நைட்ரேட்டிலும் கார்பனேட்டிலும் வழுக்கும். அது எண் அல்ல, ஒப்பீடு.

குளோரினுக்கு ஆக்சிஜனோடு நான்கு அயனிகள் இருப்பதால் முன்னொட்டும் சேர்ந்துகொண்டது. 1 ஆக்சிஜன் ஹைப்போகுளோரைட், 2 குளோரைட், 3 குளோரேட், 4 பெர்குளோரேட். அமிலப் பெயர்கள் இதையே பின்பற்றும்: ஐடு என்றால் ‘ஹைட்ரோ… இக்’ (குளோரைடு – ஹைட்ரோகுளோரிக்), ஐட் என்றால் ‘அஸ்’ (நைட்ரைட் – நைட்ரஸ்), ஏட் என்றால் ‘இக்’ (நைட்ரேட் – நைட்ரிக்).

வீட்டிலும் இது பயன்படும். வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச் திரவத்தில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட், சாப்பாட்டு உப்பு சோடியம் குளோரைடு. கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத் திரவத்தை உப்போடு கலந்தால் ஒன்றும் ஆகாது, பிளீச்சோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றவே கூடாது.

கேள்வி: ஒரு சேர்மம் அயனி வகையா, சகப்பிணைப்பு வகையா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா? தண்ணீரில் கரைந்தால் அயனி என்று வைத்துக்கொள்ளலாமா?
– பத்தாம் வகுப்பு மாணவர்கள், அரியலூர்

பதில்: கரைவதை வைத்துச் சொல்ல முடியாது. சர்க்கரை நன்றாகக் கரையும், ஆனால் சகப்பிணைப்புச் சேர்மம். சுண்ணாம்புக்கல் அயனி வகை, ஆனால் கரையவே கரையாது. மின்சாரம் கடத்துகிறதா என்று பாருங்கள்.

9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்இடி, 470 ஓம் மின்தடை, இருபுறமும் சீவிய இரண்டு பென்சில், கொஞ்சம் வயர் வேண்டும். பேட்டரியின் நேர்முனை, மின்தடை, எல்இடியின் நீளமான கால் என்று வரிசையாக இணைத்து, குட்டைக் காலிலிருந்து ஒரு பென்சில் முனைக்கும், பேட்டரியின் எதிர்முனையிலிருந்து மற்ற பென்சில் முனைக்கும் வயர் போடுங்கள். பென்சில்களின் கீழ் முனைகளை 1 சென்டிமீட்டர் இடைவெளியில் டம்ளருக்குள் இறக்குங்கள். வீட்டு மின்சாரத்தை இதற்குத் தொடவே கூடாது.

தண்ணீர்தான் இங்கே சோதனையைக் கெடுக்கும். போர்வெல் தண்ணீரில் ஏற்கெனவே உப்புகள் இருப்பதால் எதுவும் போடாமலே விளக்கு மங்கலாக எரியலாம். பிறகு ‘சர்க்கரையும் கடத்துகிறது’ என்று எழுதிவிடுவீர்கள். வண்டி பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை வாங்குங்கள். அதில் சர்க்கரை போட்டால் இருட்டு. ஒரு தேக்கரண்டி உப்பு போட்டால் பளிச். வினிகர் என்றால் மங்கல், ஏனென்றால் அசிட்டிக் அமிலத்தில் கொஞ்சம் மூலக்கூறுகளே அயனியாகப் பிரிகின்றன. காய்ந்த உப்புக் கல்லில் பென்சில் முனைகளை வைத்தால் எரியாது. அயனிகள் உண்டு, ஆனால் நகர முடியாது. உருக்கினால் கடத்தும், அதற்கு 801 டிகிரி வேண்டும். உப்புக் கரைசலில் ஓரிரு நிமிடத்துக்கு மேல் மின்சாரம் விடாதீர்கள், சிறிது குளோரின் வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இந்தச் சோதனை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. ஹைட்ரஜன் குளோரைடு வாயு நிலையில் சகப்பிணைப்புச் சேர்மம். தண்ணீரில் கரைந்தால் அயனிகளாகிக் கடத்தும். ஆகவே கரைசல் கடத்தினால் ‘கரைசலில் அயனி இருக்கிறது’ என்பது மட்டுமே உறுதி.

காகிதத்தில் சொல்ல வேண்டுமென்றால் எலக்ட்ரான் கவர்திறன் (பிணைப்பிலுள்ள எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன்) வேறுபாட்டைப் பாருங்கள். சோடியம் 0.93, குளோரின் 3.16, வேறுபாடு 2.23, அயனித்தன்மை மிகுதி. கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20, வேறுபாடு 0.35, சகப்பிணைப்பு. 1.7-க்கு மேல் அயனி, கீழே சகப்பிணைப்பு என்ற எல்லைக்கோடு ஒரு கைக்கணக்குதான். ஹைட்ரஜன் ஃபுளூரைடுக்கு 1.78 வருகிறது, ஆனாலும் அது சகப்பிணைப்பு மூலக்கூறே.

கேள்வி: ஒரு மாத்திரை அட்டையில் ‘ஃபெரஸ் சல்பேட்’, இன்னொன்றில் ‘ஃபெரஸ் ஃபியூமரேட்’, மூன்றாவதில் ‘ஃபெரிக்’ என்று தொடங்குகிறது. எல்லாமே இரும்புச்சத்துதானா? ‘தனிம இரும்பு 60 மில்லிகிராம்’ என்பது மாத்திரையின் எடையா?
– அங்கன்வாடிப் பணியாளர், திருவாரூர்

பதில்: ஃபெரஸ் என்றால் 2+ இரும்பு, ஃபெரிக் என்றால் 3+ இரும்பு. இரும்பின் லத்தீன் பெயர் ஃபெரம், அதிலிருந்து வந்தவை. இரண்டு நிலைகளில் குறைந்ததற்கு ‘அஸ்’, கூடியதற்கு ‘இக்’. தாமிரத்தில் குப்ரஸ் 1+, குப்ரிக் 2+. ‘அஸ்’ என்றால் எத்தனை என்று உலோகத்துக்கு உலோகம் மாறும் என்பதால், ஆல்ஃபிரட் ஸ்டாக் 1919-இல் அடைப்புக்குறிக்குள் ரோமன் எண்ணிலேயே சொல்லிவிடும் முறையைக் கொண்டுவந்தார். பாடப்புத்தகத்தில் இரும்புக்குப் பக்கத்தில் ரோமன் இரண்டும் மூன்றும் இருப்பது அதனால்தான். மருந்து அட்டையில் இன்னும் பழைய பெயரே ஓடுகிறது.

60 மில்லிகிராம் என்பது இரும்பு மட்டும். மாத்திரையின் எடையல்ல. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று விற்கும் ஃபெரஸ் சல்பேட்டில் 7 நீர் மூலக்கூறுகள் உண்டு. மொத்தம் 278 பங்கில் இரும்பு 56 பங்கு, அதாவது சுமார் 20 சதவீதம். 60 மில்லிகிராம் இரும்புக்கு 299 மில்லிகிராம் உப்பு வேண்டும். ஃபெரஸ் ஃபியூமரேட்டில் இரும்பு 33 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 183 மில்லிகிராம் போதும். உப்பின் எடையை வைத்து ஒப்பிட்டால் தவறாகும் என்பதால்தான் தனிம இரும்பைத் தனியாக அச்சிடுகிறார்கள். அட்டைகளை ஒப்பிடும்போது அந்த வரியை மட்டும் பாருங்கள். கடை அன்னபேதியை மாத்திரைக்குப் பதிலாக யாருக்கும் கொடுக்க வேண்டாம், அதன் தூய்மைக்கு உறுதியில்லை. வெளிர்பச்சைப் படிகம் திறந்து வைத்தால் மஞ்சள் பழுப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். ஃபெரஸ் ஃபெரிக்காக மாறும் நிறம் அது.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் படித்தவன். எங்கள் நூலில் ‘காபனீரொட்சைட்டு’, ‘சல்பேற்று’ என்று இருக்கும். தமிழ்நாட்டு நூலில் படிக்கும் என் அண்ணன் மகளுக்கு எப்படிப் பொருத்திச் சொல்வது?
– வாசகர், சென்னை

பதில்: உங்கள் சொற்களில் ஓர் அழகு இருக்கிறது. காபன் + ஈர் + ஒட்சைட்டு. ‘டை’ செய்யும் வேலையைத் தமிழ் ‘ஈர்’ செய்கிறது. காபனோரொட்சைட்டில் ‘ஓர்’ மோனோவின் வேலையைச் செய்கிறது. அந்தக் குழந்தைக்கு முன்னொட்டின் பொருளைப் புரியவைக்க இதைவிட நல்ல வழி இல்லை. ‘ஏற்று’ என்பது இங்கே ‘ஏட்’, ‘ஐட்டு’ என்பது ‘ஐடு’. இலத்திரன் எலக்ட்ரான், ஒட்சிசன் ஆக்சிஜன், ஐதரசன் ஹைட்ரஜன், வலுவளவு இணைதிறன், பங்கீட்டு வலுப்பிணைப்பு சகப்பிணைப்பு. ‘ஐட்டு’ என்பதில்தான் கவனம் வேண்டும். நீங்கள் குளோரைட்டு என்று சொல்வது இங்கே குளோரைடு, இங்கே குளோரைட் என்பது ஆக்சிஜன் சேர்ந்த வேறு அயனி.

கேள்வி: அமோனியா, அமோனியம் – வித்தியாசம் என்ன?
– மாணவி, பெரம்பலூர்

பதில்: அமோனியா 1 நைட்ரஜன், 3 ஹைட்ரஜன் கொண்ட மூலக்கூறு, மூக்கைத் துளைக்கும் வாயு. நைட்ரஜனிடம் பங்கிடாத எலக்ட்ரான் ஜோடி ஒன்று மிச்சம் இருக்கிறது. எலக்ட்ரானே இல்லாத ஹைட்ரஜன் அயனி வந்தால் அந்த ஜோடியை ஈந்து ஒட்டிக்கொள்ளும். 4 ஹைட்ரஜனோடு 1+ சுமையுள்ள அமோனியம் அயனி ஆகும். ஒட்டிய பிறகு நான்கு பிணைப்புகளில் எது ஈந்தது, எது பங்கிட்டது என்று பிரித்துச் சொல்ல முடியாது, நான்கும் சமம். உலோகம் இல்லாமலே அயனிச் சேர்மம் உண்டாவதற்கு இதுவே எடுத்துக்காட்டு. நவச்சாரம் என்னும் அமோனியம் குளோரைடில் உலோகமே கிடையாது. ஆனாலும் பெயரில் எண் வராது, மின்சுமையே எண்ணைச் சொல்லிவிடுகிறது.